விசுவாசக் குறைவு என்று சொன்னோம்

(பங்காளர் கூடுகையில் ஆஸ்பத்திரி சாப்ளின் ஐயா ஆற்றிய உரை)



ஊழியத்துக்கு வந்த புதிதில், உயிரை மாய்க்க முயன்று வார்டில் படுத்திருக்கும் பிள்ளையின் அருகே உட்கார்ந்து நாங்கள் பாவத்தைப் பற்றிப் பேசியதுண்டு. விசுவாசக் குறைவு என்றே நினைத்தோம். எங்கள் எண்ணத்தை மாற்றியது ஒரு கணக்கு. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை வீடுவீடாகப் பதிந்த மரணங்களைக் கொண்டு, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதை 2004-இல் வெளியிட்டார்கள். 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் தற்கொலையால் இறந்தவர்கள், வருஷத்துக்கு லட்சம் பெண்பிள்ளைகளுக்கு 148 பேர், பையன்களில் 58. ஒரே வட்டாரத்தில் இத்தனை பிள்ளைகளுக்கும் விசுவாசமா குறைந்துபோயிற்று?

வார்டில் கேட்டால் எந்தப் பிள்ளையும் ஒரே காரணம் சொல்லுவதில்லை. படிப்பை நிறுத்தினது, கேளாமல் சம்பந்தம் பேசினது, தகப்பனாரின் குடி, இவையெல்லாம் நெடுநாளாய்ச் சேர்ந்திருக்கும். கோபமோ கொஞ்ச நேரந்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் பூச்சிமருந்து கைக்கெட்டுகிற இடத்தில் இருந்துவிடுகிறது.

இலங்கையைப் பாருங்கள். 1995-இல் லட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை அந்த வருஷமும், எண்டோசல்ஃபானை 1998-இலும் தடை செய்தார்கள். 2005-க்குள் அந்த எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாயிற்று. யுத்தம் அப்போதும் ஓயவில்லை. விளைச்சலும் குறையவில்லை.

சபையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், வருத்தப்படாதேயுங்கள். இப்படி இறந்தவருக்குக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் இடம் காட்டினதும், மணியடிக்க மறுத்ததும் நாம்தானே? அந்த அவமானத்துக்குப் பயந்து, "வயிற்றுவலி என்று எழுதுங்கள் ஐயா" என்று கையைப் பிடித்துக் கெஞ்சிய தகப்பன்மார் உண்டு. பிழைத்தவரைத் தண்டிக்கலாகாது என்று 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டமே சொல்லிவிட்டது. நம் சபைகளில் சில இன்னும் சொல்லவில்லை. சூரைச்செடியின் கீழே சாக விரும்பின எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான்.

உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு, வீடு திரும்பின பிள்ளையைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் நர்சம்மாவின் பஸ் செலவுக்காகிறது. அவர்கள் போனதும் முதலில் கேட்பது, மருந்து டப்பா எங்கே என்றுதான். அதை வயலிலுள்ள மோட்டார் கொட்டகையில் பூட்டவைத்துவிட்டு, டெலிமானஸ் எண் 14416-ஐ சுவரில் எழுதி வருகிறார்கள். உங்கள் வீட்டுச் சுவரிலும் எழுதிவையுங்கள்.