நீதிபதி விலக வேண்டுவது எப்போது?



தோற்றவன் நீதிபதியைக் குறை கூறுவது உலக இயல்பு. ஆனால் தீர்ப்புக்கு முன்பே, "இவர் நம் வழக்கை விசாரித்தல் தகாது" என்று கூறும் உரிமையைச் சட்டம் நமக்கு அளித்துள்ளது. அதன் எல்லையை நம்மில் பலர் அறியோம்.

இரஞ்சித் தாக்கூர் என்பார் இந்திய இராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவில் சாதாரண வீரர். கட்டளை அதிகாரி தம்மைக் கொடுமைப்படுத்துவதாக மேலதிகாரிகளுக்கு நேரே எழுதினார். முறை தவறி எழுதியதாக அதே அதிகாரி அவருக்கு 28 நாள் கடுங்காவல் விதித்தார். காவலில் இருக்கையில், 1985 மே மாதம், உணவு உண்ணுமாறு இட்ட ஆணையை மீறினார் என்று மற்றொரு குற்றச்சாட்டு. அதனை விசாரித்த இராணுவ நீதிமன்றத்திலும் அவ்வதிகாரியே அமர்ந்தார். அமர்வோரில் எவரையேனும் ஆட்சேபிக்கிறீரா என்று சட்டப்படி கேட்க வேண்டிய கேள்வியும் கேட்கப்படவில்லை. ஓராண்டுச் சிறை, வேலையும் போயிற்று.

1987-இல் உச்சநீதிமன்றம் அத்தண்டனையை நீக்கி, அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது. தீர்ப்பளிப்பவர் தம் நெஞ்சைத் தொட்டு, "யான் ஒருசார்பாக உள்ளேனோ?" என்று கேட்டுப் பயனில்லை, எதிரே நிற்பவனின் மனத்தை நோக்க வேண்டும் என்றது. அவன் அஞ்சுவதற்குத் தக்க காரணம் இருப்பின் விலகுவதே முறை. ஒருசார்பு மெய்யாகவே இருந்தது என்று அவன் நிறுவ வேண்டுவதில்லை.

அப்படியாயின், நீதிபதி வேறு சாதியினர் என்பதே அச்சத்திற்குப் போதுமா? போதும் என்று நம் இளைஞர் சிலர் வாதிடக் கேட்டிருக்கிறோம். அவர்தம் மனக்காயத்தை உணர்கிறோம். பட்டவர்க்கே அது தெரியும். எனினும் இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. அது நம்மையே திருப்பித் தாக்கும்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 1974-இல் நிகழ்ந்ததைப் பாருங்கள். ஒரு தொழிற்சங்கம் நிறவேற்றுமை காட்டுவதாகக் கறுப்பினத் தொழிலாளர் தொடுத்த வழக்கு. நீதிபதி லியான் ஹிக்கின்பாதமும் கறுப்பினத்தவர். கறுப்பர் வரலாற்றை ஆராயும் சங்கம் ஒன்றில் உரையாற்றியும் இருந்தார். இவற்றைக் காட்டி, அவர் விலக வேண்டும் என்றது தொழிற்சங்கம். அவர் மறுத்தார். கறுப்பர் வழக்கைக் கறுப்பர் விசாரிக்கலாகாது எனில், வெள்ளையர் மட்டும் எவ்வாறு விசாரிக்கலாம் என்பதே அவர் வாதத்தின் சாரம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கொன்றில் நம் சமூகத்தவர் நீதிபதியாக அமர்ந்திருக்கையில், அவரை எழுந்து போகச் சொல்லப் பிறருக்கு நாமே வழி வகுக்கலாமா?

பிறப்பு காரணம் ஆகாது. வழக்கில் சொந்த ஆதாயம், நெருங்கிய உறவு, முன்பகை, முன்பே ஒரு பக்கம் வாதாடியமை, இவை காரணம் ஆகும். அவற்றையும் காலத்தே சொல்ல வேண்டும். இராஜஸ்தான் வழக்கறிஞர் மாணக் லாலை விசாரித்த குழுவின் தலைவர், புகார் செய்தவருக்காக முன்னர் ஆஜரானவர். அவர் அக்குழுவில் இருந்தது தகாது என்றே 1957-இல் உச்சநீதிமன்றமும் கருதியது. ஆயினும் மாணக் லால் அக்குழுவின் முன் வாய் திறக்கவில்லை. அறிக்கை பாதகமாக வந்த பின்னரே ஆட்சேபித்தார். அதனாலேயே அவர் தோற்றார். நீங்கள் ஆட்சேபிப்பதாயின் முதல் நாளிலேயே, காரணத்தை எழுத்தில் வைத்து மனுச் செய்யுங்கள்.