அடுப்புப் புகையும் பெண்கள் உழைப்பும்



இன்று எனக்குப் பேசக் கொடுத்திருக்கும் விஷயம் அடுப்பு. அடுப்பைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிப்பவர்கள் ஆண்களாகவேதான் இருப்பார்கள். அவர்கள் சோற்றைக் கண்டிருக்கிறார்களே ஒழிய, அடுப்பைக் கண்டவர்களல்ல.

உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்குப்படி, 2020-ம் வருஷம் ஒன்றில் மாத்திரம் வீட்டுப் புகையால் செத்தவர்கள் சுமார் 32 லட்சம் பேர். அதில் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் 5 வயது நிரம்பாத குழந்தைகள். விறகும் வரட்டியும் எரியும்போது கிளம்பும் நுண்ணிய தூசு நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடுகிறது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு தாய் ஊதுகுழல் ஊதுகிறாள். அந்தக் குழந்தைக்குக் கபவாதக் காய்ச்சல் வந்தால் நம்மவர்கள் கண்பட்டது என்கிறார்கள், கிரகம் சரியில்லை என்கிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள். புகை வெளியே போக ஒரு துவாரம் வைக்க மாத்திரம் ஒருவருக்கும் தோன்றுவதில்லை!

நிற்க, 2016 மே 1-ந் தேதி உத்தரப் பிரதேசத்துப் பல்லியாவில் இந்திய சர்க்கார் உஜ்வலா திட்டத்தை ஆரம்பித்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பெண்கள் பேரிலேயே காஸ் இணைப்பு. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் கொடுத்தாய்விட்டது. இது நல்ல காரியமென்பதில் எனக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் அதே 2019-ல் வந்த கணக்குத் தணிக்கை அறிக்கை என்ன சொல்லிற்று? ஒரு வருஷத்துக்கு மேல் இணைப்பு வைத்திருந்தவர்கள் வாங்கிய சிலிண்டர், சராசரி வருஷத்துக்கு 3.21-தான்! ஐந்து பேருள்ள வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை மாதம் வரும். பாக்கி மாதங்களில் எரிந்தது என்ன? பழைய விறகேதான்.

காரணம் ஒன்று பணம். தினக்கூலிக்காரன் கையில் சில்லறை வருகிறதே தவிர, ஒரு சிலிண்டரின் முழுக் கிரயமும் ஒரே நாளில் வருவதில்லை. போதாக்குறைக்கு, ஆரம்பத்தில் அடுப்பையும் முதல் சிலிண்டரையும் கடனாகக் கொடுத்து, மானியத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். 2021-ல் அவற்றை இனாமாக்கி, 2022-ல் சிலிண்டருக்கு 200 ரூபாயும், 2023 அக்டோபரில் 300 ரூபாயும் தனி மானியம் கொடுத்த பிறகு வாங்குவது ஏறிற்று. ஏறியும், 2024-25-ல் வருஷத்துக்கு நாலரையை எட்டவில்லை.

மற்றொரு காரணத்தை எந்தத் தணிக்கையும் எழுதாது. 2019-21-ல் எடுத்த குடும்பநலக் கணக்கில், சுத்தமான எரிபொருளில் சமைத்த வீடுகள் நம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 83, ஜார்க்கண்டில் 32. அங்கே கூலி குறைவு, காடோ பக்கத்திலேயே இருக்கிறது. “விறகு சும்மா கிடைக்கும்போது காஸ் எதற்கு?” என்று புருஷன் கேட்கிறான். விறகா சும்மா கிடைக்கிறது? நடந்து போய்ப் பொறுக்கி, தலைச்சுமையாகக் கொண்டுவருகிற அவள் உடம்பல்லவா சும்மா கிடைக்கிறது! அதே சுமையை ஓர் ஆள் வைத்துக் கொண்டுவரச் சொல்லிக் கூலி கொடுத்துப் பார்க்கட்டும், மறுநாளே காஸ் மலிவாகிவிடும். விறகடுப்புச் சமையல்தான் ருசி என்றும் ஒரு வாதம். ருசி தின்பவனுக்கு, இருமல் சமைப்பவளுக்கு.

புத்தகம் அவள் பேரில் இருக்கிறது, பணப்பை அவனிடம் இருக்கிறது. சிலிண்டர் காலியானால் சொல்லியனுப்ப அவள் அவனைக் கேட்க வேண்டும். முழுச் சிலிண்டருக்குக் கையில் பணமில்லாதவர்களுக்கு 5 கிலோ சிறிய சிலிண்டரும் அதே திட்டத்தில் உண்டு. அநேகருக்கு இது தெரியாது. இங்கு வந்திருக்கும் தாய்மார்களில் அந்தப் புத்தகம் உள்ளவர்கள் ஏஜண்டிடம் போய்த் தாங்களே அதைக் கேட்கலாம்.