கிடைக்கு அடகுபோன பிள்ளை

அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் ஆட்டுக்கிடை போடுவார்கள். புழுக்கைதான் அடுத்த சாகுபடிக்கு எரு. அந்த ஆடுகளை மேய்ப்பவர்களில் சிலர், பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளைகள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது. பிழைப்பை இழந்த தஞ்சை மாவட்டக் கூலித் தொழிலாளி ஒருவர், 36,000 ரூபாய் கடனுக்கு ஈடாக மகனை நாகை மாவட்டத்தில் வேலைக்கு விட்டார். அதிகாரிகள் சிறுவனை மீட்டார்கள்.

சரி, வாங்கிய கடன்?

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அது அப்போதே ரத்து. ஒரு பைசாகூடத் திருப்பித் தர வேண்டாம். இது தெரியாமல்தான் எத்தனையோ பெற்றோர் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். கொத்தடிமையாக வைத்திருந்தவருக்கு 3 ஆண்டு வரை சிறை.

பள்ளி நேரத்தில் கிடையோரம் ஒரு சிறுவன் தென்பட்டால், குழந்தைகள் உதவி எண் 1098. எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது.