ஆஷா பணியாளரும் கணினிப் பதிவேடும்

2025 ஜனவரியில் பெங்களூரு ஃப்ரீடம் பார்க்கில் ஆயிரக்கணக்கான ஆஷா பணியாளர்கள் குளிரையும் பொருட்படுத்தாது இரவுபகலாக அமர்ந்திருந்தனர். மாதம் 15,000 ரூபாய் மதிப்பூதியம் அவர்களது முதற்கோரிக்கை. அதனினும் கருதத்தக்கது மற்றொன்று: தாய்சேய் நலக் கணினிப் பதிவேட்டோடு ஊக்கத்தொகையைப் பிணைத்ததால் நேரும் இழப்பு.

2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா என வகுத்தது. மாநில அரசின் மாதத்தொகை நீங்கலாக, அவர் பெறுவது பணிவாரியான ஊக்கத்தொகையே. கருவுற்ற பெண்ணை வீடுதேடிக் கண்டறிபவர் அவர். கணினியில் பதிபவரோ பெரும்பாலும் வேறொருவர். பதிவு தவறினால், பணி நடந்தும் பணம் வாராது. தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். வேற்றூரில் பிறந்த குழந்தை எந்த ஆஷாவின் கணக்கில் ஏறும்?

நலக்கணிப்புக்கான ஏட்டையே சம்பளப் பட்டியலாகவும் கொண்டது பிழை எனலாம். இதனால் புள்ளிவிவரமும் கெடும். பணம் தரும் கட்டங்கள் மட்டும் நிரம்பும். ஏப்ரல் முதல் குறைந்தது 10,000 ரூபாய் கிடைக்கும் என்று அரசு உறுதியளித்தபின் போராட்டம் முடிந்தது. ஆனால் தொகை கூடினாலும் இப்பிணைப்பு தானே அறுந்துவிடாது. ஆஷா எழுதும் நாட்குறிப்பை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர் சரிபார்த்து ஒப்பமிட்டால், தொகை வழங்க அதுவே போதும். கணினிப் பதிவு பின்னர் வரட்டும்.