பணம் பட்டாவுக்கா, பாடுபட்டவனுக்கா?

நடவைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே!

அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். பந்தலில் பாதிக்கு மேல் கை தெரிகிறது. அந்த நிலத்துக்காக ஆண்டுக்கு 6,000 ரூபாய் பிஎம் கிசான் பணம் வாங்குகிறவர்கள் மட்டும் கையை அப்படியே வைத்திருங்கள். பார்த்தீர்களா, அத்தனை கையும் இறங்கிவிட்டது!

2019 பிப்ரவரியில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பெயரில் விவசாயி இருக்கிறார். பணம் போவதோ பட்டாவில் பெயர் உள்ளவருக்கு. "அவருக்கு வந்தால் உனக்கென்ன வயிற்றெரிச்சல்?" என்று கேட்கிறார்கள். வயிற்றெரிச்சல் இல்லை ஐயா. நிலத்தைப் பார்த்துக் கொடுக்கிற பணம் நிலத்தின் விலையில் ஏறுகிறது, குத்தகையில் ஏறுகிறது. கடைசியில் அதை நம் தலையில்தான் கட்டுகிறார்கள்.

தெலங்கானாவைப் பாருங்கள். 2018 மே மாதம் ரைத்து பந்து திட்டம் வந்தது. ஏக்கருக்குப் பருவத்துக்கு 4,000 ரூபாய், பிறகு 5,000. இரண்டு பருவத்துக்கு 10,000. எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் கிடைத்தது, தரிசாகக் கிடந்தாலும் கிடைத்தது. உழுத குத்தகைக்காரருக்கு மட்டும் கிடைக்கவில்லை! வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டு ஆண்டுக்கு 10,000 வாங்க ஏறத்தாழ 1,40,000 ரூபாய் முதல் வேண்டும். இப்படிப்பட்ட பணம் நிலைத்து வரும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், நிலத்தை விற்கிறவர் அந்த முதலை விலையில் சேர்க்காமல் விடுவாரா? அரைக் காணி சொந்தமாக வாங்க மாட்டோமா என்று ஏங்குகிற கூலிக்காரனுக்கு நிலம் இன்னும் எட்டாமல் போகிறது.

நம் ஊர்க் கதையும் அதுதான். இலவச மின்சாரம் போராடிப் பெற்ற உரிமை. அதில் கைவைக்க யாரையும் விடமாட்டோம். ஆனால் நில விற்பனை விளம்பரத்தைப் படித்துப் பாருங்கள்: கிணறு உண்டு, ஃப்ரீ சர்வீஸ் உண்டு என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வரிசையில் காத்திருக்க முடியாதவருக்கு 5 குதிரைத்திறன் இணைப்பைத் தட்கலில் 2,50,000 ரூபாய்க்கு மின்வாரியமே கொடுத்ததே! இலவசத்துக்கு அரசாங்கமே விலை எழுதி ஒட்டியபோது, நிலத்துக்காரர் மட்டும் எழுதாமல் இருப்பாரா?

அப்படியானால் மானியத்தை நிறுத்திவிடலாமே என்று சில பொருளாதார மேதைகள் கிளம்புவார்கள். நியூசிலாந்து 1984-இல் நிறுத்தியது. நில விலை சரிந்தது. ஏறிய விலைக்குக் கடன் வாங்கி நிலம் வாங்கியவர்கள் நொந்துபோனார்கள். அந்தக் கொடுமை நமக்கு வேண்டாம். மானியம் இருக்கட்டும், ஆளை மாற்றுங்கள் என்கிறோம்.

குத்தகையை எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலத்துக்காரர் பயப்படுகிறார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன்; சின்ன நிலத்துக்காரரும் அதில் உண்டு. பணம் வாங்குவதால் மட்டும் யாருக்கும் நிலத்தில் உரிமை வராது என்று அரசாணையில் ஒரு வரி எழுதட்டும். அடங்கலில் சாகுபடி செய்கிறவர் பெயரை கிராம நிர்வாக அலுவலர் வயலில் வந்து பார்த்து எழுதட்டும். அந்தப் பெயருக்குப் பணம் வரட்டும்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போகிறோம். சர்வே எண், பயிர், எத்தனை மா, எத்தனை வருஷமாகச் சாகுபடி, எல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கப் பிள்ளைகள் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.