மூன்றாம் பொருளின் துணை

வில்லியனூரை அடுத்த ஆரியபாளையத்துச் சாராய வடிசாலையின் பெயரை எங்கள் வட்டாரத்தார் அறிவர். 'வடிசாலை' என்னும் சொல்லுக்குள் ஓர் அரிய வேதியியல் பாடம் அடங்கியுள்ளது.

ஆல்கஹால் 78 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். நீர் 100 டிகிரியில். வடிகோபுரத்தில் ஆவி தட்டுக்குத் தட்டு குளிர்ந்தும் எழுந்தும் மேலேறுகையில் ஆல்கஹால் செறிவடைகின்றது. ஆனால், எடையில் நூற்றுக்கு 95.6 பங்கை எட்டியதும் அவ்வேற்றம் நின்றுவிடும். "இன்னும் தட்டுகளை அடுக்கினால் என்ன?" என்று மாணவர் என்னை வினவியதுண்டு. ஆயிரம் அடுக்கினும் பயனில்லை. அந்நிலையில் ஆவியும் திரவமும் ஒரே விகிதத்தில் அமைந்துவிடுகின்றன. இதனைக் கொதிநிலை மாறாக் கலவை என்பர்.

1902ஆம் ஆண்டில் சிட்னி யங் என்னும் ஆங்கில அறிஞர் அதனோடு பென்சீனைச் சேர்த்தார். மூன்றும் கூடிய கலவை 65 டிகிரிக்குச் சற்றுக் குறைவிலேயே கொதித்து, நீரைச் சுமந்து மேலே சென்றது. தூய ஆல்கஹால் அடியில் தங்கிற்று. பென்சீன் புற்றுநோய் விளைப்பதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. இன்று, நீரின் மூலக்கூறு மட்டுமே நுழையத்தக்க நுண்துளை மணிகள் பல ஆலைகளில் அப்பணியைச் செய்கின்றன. பெட்ரோலுடன் கலக்கும் ஆல்கஹாலுக்கு இவ்வாறு நீர் நீக்குவது இன்றியமையாதது.

செய்ததையே பெருக்குவதால் கடக்கவியலாத எல்லைகள் இயற்கையில் உண்டு. தடையின் காரணத்தை ஆராய்ந்தவர்க்கே மாற்று வழி புலனாகும்.