பக்கத்து நிறமும் நம் கண்ணும்

(காவாந்தண்டலத்தில் பேசிய பேச்சின் சாரம்)



"கண்ணால் கண்டதைத்தான் சொல்லுகிறேன்" என்று ஒருவன் சொல்லிவிட்டால் அதற்குமேல் விசாரணையே வேண்டியதில்லை என்று நம் மக்கள் கருதுகிறார்கள். ஆனால் கண்ணையும் விசாரிக்க வேண்டியதுதான் பகுத்தறிவாகும். ஒரு நிறம் நமக்கு எப்படித் தோன்றும் என்பதை அந்த நிறம் மாத்திரம் முடிவு செய்வதில்லை. அதன் பக்கத்தில் இருக்கும் நிறமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. இந்த விஷயத்தைப் பற்றியே சிறிது பேச விரும்புகிறோம்.

இதற்கு வெகுதூரம் போய் ஆதாரம் தேட வேண்டியதில்லை. 1925-ல் பெரியார் வகுப்புவாரி உரிமைக்காகக் காங்கிரசை விட்டு வெளியேறிய காஞ்சிபுரத்திலே நெய்கிற பட்டுச் சேலையைப் பாருங்கள். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். ஒரே சாயத்தில் தோய்த்த அரக்கு நூலைப் பச்சை உடலுக்குக் கரையாக வைத்தால் நல்ல சிவப்பாக எடுத்துக் காட்டும். அதையே செக்கச் சிவந்த உடலுக்குக் கரையாக வைத்தால் மங்கிக் காட்டும். கருநீலத்தின் பக்கத்தில் ஜரிகை பளிச்சென்றிருக்கும்; மஞ்சளின் பக்கத்தில் அதே ஜரிகை எடுபடாது. சாயமும் மாறவில்லை, ஜரிகையும் மாறவில்லை. பக்கத்திலிருப்பதுதான் மாறிற்று.

பிரான்சு தேசத்தில் செவ்ரோல் என்ற ரசாயன அறிஞர் 1824-ல் கோபெலின் நெசவாலையின் சாயப் பகுதிக்குத் தலைவரானார். அங்கே கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. அவர் சாயக்காரன்மீது பழி போடாமல், மற்ற இடங்களின் கறுப்பு நூலையும் வாங்கி ஒப்பிட்டுச் சோதித்தார். நூலில் குற்றமில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்ததால்தான் கறுப்பு வெளிறிக் காட்டிற்று என்று கண்டார். 1839-ல் இதையே பெரிய புத்தகமாக வெளியிட்டார். அவர் அப்படிச் சோதிக்காமல் இருந்திருந்தால் தண்டனை யாருக்குக் கிடைத்திருக்கும்? பாடுபட்ட தொழிலாளிக்குத்தானே!

இது மாயமுமல்ல, மந்திரமுமல்ல. கண்ணின் உட்புறத்திலுள்ள உணர்வு அணுக்களில் ஒன்று பலமாகத் தூண்டப்பட்டால் அது பக்கத்து அணுவின் வேலையை அடக்குகிறது. குதிரைலாட நண்டின் கண்ணில் இதை ஆராய்ந்த ஹார்ட்லைன் என்ற அமெரிக்கருக்கு 1967-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மூளையும் எதையும் தனியாக நிறுப்பதில்லை. பக்கத்திலிருப்பதோடு ஒப்பிட்டே நிறம் சொல்லுகிறது.

நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரே சாம்பல்நிறக் காகிதத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் கறுப்புத் துணிமேலும் மற்றொன்றை வெள்ளைத் துணிமேலும் வையுங்கள். கறுப்பின்மேல் இருப்பது வெளுப்பாகவும், வெள்ளையின்மேல் இருப்பது கறுப்பாகவும் தோன்றும். பிறகு வேறொரு காகிதத்தில் இரண்டு துளையிட்டு, துண்டுகள் மாத்திரம் தெரியும்படி மேலே மூடிப் பாருங்கள். இரண்டும் ஒன்றே என்று தெரியும்.

இதைத் தெரிந்துகொண்டால் கர்ப்பக்கிரகத்து "ஜோதி"யின் சங்கதியும் விளங்கும். ஜன்னலில்லாத இருட்டறை, எண்ணெய் ஏறிய கருங்கல், அதன்மேல் வெள்ளைத் திருநீறு, பக்கத்தில் ஒரு விளக்கு. பளிச்சென்று தெரியாமல் என்ன செய்யும்? அந்தக் கல்லையே வெயிலில், சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் ஜோதி எங்கே போகும்?

இதைவிட முக்கியமான சங்கதி நம் பெண்களைப் பற்றியது. பெண் பார்க்க வருகிறவர்கள், "தங்கை சிவப்பு, அக்காள் கறுப்பு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். மாநிறமுள்ள பெண் சிவந்த தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தால் அதிகக் கறுப்பாகத் தோன்றுகிறாள். தோலிலுள்ள நிறப்பொருள் ஒருவருக்குக் கூடவும் ஒருவருக்குக் குறையவும் இருப்பது உண்மைதான். அதற்கும் அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்த வித்தியாசத்தையும் கண் பெரிதாக்கிக் காட்ட, அதை நம்பி ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுப்பதும், சிவப்பாக்கும் களிம்பு விற்கிறவனிடம் கூலிக் காசைக் கொட்டுவதும் எவ்வளவு மூடத்தனம்!

உயர்ந்த சாதி என்பதும் இப்படித்தான் இருக்கிறது. ஒருவனைத் தாழ்ந்தவன் என்று பக்கத்தில் நிறுத்தினாலொழிய இன்னொருவன் உயர்ந்தவனாகத் தோன்ற வழியில்லை. ஆகவே தோழர்களே, எதையும் பக்கத்திலுள்ளதை மறைத்துவிட்டுத் தனியாக ஒருதரம் பாருங்கள். நாளைக்கே வீட்டில் அந்தக் காகிதச் சோதனையைச் செய்து, குழந்தைகளுக்கும் காட்டுங்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் நிறத்தைக் கேட்பதை விட்டுப் படிப்பையும் குணத்தையும், முதலில் அந்தப் பெண்ணின் சம்மதத்தையும் கேளுங்கள் என்று கூறி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.